நெட்வொர்க் அடாப்டர் காணாமல் போனால் எங்கே தேடுவது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பல வீடுகளில் விண்டோஸ் 11 ஏற்றினார்கள். சிலர் அலுவலகங்களில் கழித்துக்கட்டிய டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளை வாங்கி வந்தார்கள். இப்படி மாற்றிய கையோடு அடிக்கடி வரும் சிக்கல்தான் இது: நெட் மெதுவாக வருகிறது என்பதில்லை, வைஃபை என்ற பொத்தானையே காணோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி இடித்த மறுநாள் காலை, கேபிள் செருகியே இருக்கும், ஆனால் கணினிக்கு அது தெரியாது.

கடைக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் போட்டாச் சரியாயிருமுங்க" என்பார்கள். இல்லாவிட்டால் "போர்டு போயிருச்சுங்க" என்பார்கள். இரண்டுமே சோதித்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பதில்கள். ஃபார்மட் பல நேரங்களில் நிலைமையை மோசமாக்கும். வட்டில் மிச்சமிருந்த பழைய டிரைவரும் அதோடு அழிந்துபோகும், டேலி கணக்கும் ஜிஎஸ்டி கோப்புகளும் ஆபத்தில் மாட்டும். போர்டை மாற்றுவதோ ஆயிரக்கணக்கில் செலவு. கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும், அதற்குக் காசும் ஆகாது.

அடாப்டர் என்பது எது

கணினியை நெட்டோடு இணைக்கும் பாகம் நெட்வொர்க் அடாப்டர். மேசைக் கணினியில் பெரும்பாலும் அது மதர்போர்டிலேயே பற்றவைத்த ஒரு சிறு சிப்; பின்பக்கம் லேன் கேபிள் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். மடிக்கணினியில் விரல் அகலத்தில் ஒரு வைஃபை கார்டு எம்.2 என்ற சாக்கெட்டில் செருகி, ஒற்றைத் திருகால் பிடித்திருக்கும். யுஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை மூன்றாவது வகை.

இது வேலை செய்ய நான்கு அடுக்குகள் சரியாக இருக்க வேண்டும்.

1. சிப்புக்குக் கரண்ட் கிடைத்து, அது உயிரோடு இருக்க வேண்டும்.
2. பயாஸ், அதாவது விண்டோஸ் கிளம்புவதற்கு முன் ஓடும் அடிப்படை நிரல், அந்தச் சிப்பை அனுமதித்திருக்க வேண்டும்.
3. விண்டோஸிடம் அந்தச் சிப்புக்கான டிரைவர் இருக்க வேண்டும். டிரைவர் என்பது சிப்போடு பேசத் தெரிந்த சிறு மென்பொருள்.
4. விண்டோஸின் சேவைகளும் அமைப்புகளும் அதை முடக்கி வைத்திருக்கக் கூடாது.

கீழ் அடுக்கு பழுதானால் மேல் அடுக்கில் என்ன செய்தாலும் பயனில்லை. சிப்பே கருகியிருக்கும்போது டிரைவர் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பயாஸில் ஒரு வரி மாறியிருந்ததற்கு போர்டு மாற்றியவர்களும் உண்டு.

ரூட்டர், பாஸ்வேர்டு, நெட் கம்பெனிக்காரரின் கோளாறு எல்லாம் இதற்கு வெளியே. அடாப்டர் தெரிகிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை.

டிவைஸ் மேனேஜர் என்ன சொல்கிறது

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" இருக்கும். அதில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற தலைப்பை விரித்துப் பாருங்கள். அங்கே "வேன் மினிபோர்ட்" என்று தொடங்கும் ஏழெட்டு வரிகள், புளூடூத் பெயரில் ஒன்று, "வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்" எல்லாம் இருக்கலாம். இவை விண்டோஸ் தானே உண்டாக்கிக்கொண்ட மென்பொருள் அடாப்டர்கள். கணக்கில் சேர்க்காதீர்கள். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம், பிராட்காம் போன்ற பெயரோடு இருப்பதுதான் நிஜமான சிப்.

1. பெயர் இருக்கிறது, எந்தக் குறியும் இல்லை: அடாப்டர் தொலையவில்லை, நான்காம் அடுக்கில்தான் கோளாறு.
2. கீழ்நோக்கிய அம்புக்குறி: யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் காட்டும் கோளாறு எண் 22. வலது கிளிக் செய்து "எனேபிள்" கொடுத்தால் போதும்.
3. மஞ்சள் முக்கோணம்: சிப் தெரிகிறது, ஆனால் கிளம்பவில்லை. இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. இங்கே இல்லை, ஆனால் "அதர் டிவைசஸ்" என்ற தலைப்பின் கீழ் "ஈதர்நெட் கன்ட்ரோலர்" அல்லது "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று கேள்விக்குறியோடு இருக்கிறது: சிப் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. எண் 28. விண்டோஸ் புதிதாக ஏற்றிய கணினிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.
5. எங்குமே இல்லை: மேலே "வியூ" பட்டியலில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். மங்கலான எழுத்தில் பழைய பெயர் வந்தால் எண் 45. முன்பு இருந்தது, இப்போது விண்டோஸின் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். சிப், கரண்ட், பயாஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

மஞ்சள் முக்கோணத்தில் எண் 10 அல்லது 43 வந்தால், சிப் பாதியில் திணறி நிற்கிறது. டிரைவர் பொருந்தாவிட்டாலும் இதே எண்கள் வரும். எண் 56 வந்தால் பழைய விபிஎன் மென்பொருளோ (நெட்டை வேறொரு வழியாகத் திருப்பிவிடுவது) ஆன்டிவைரஸோ நெட்வொர்க் அமைப்புக்குள் குறுக்கே நிற்பது வழக்கமான காரணம். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, செட்டிங்ஸில் "நெட்வொர்க் ரீசெட்" கொடுக்க வேண்டும்.

அந்த ரீசெட் பற்றி ஓர் எச்சரிக்கை. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், கையால் போட்ட ஐபி எண் (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி), விபிஎன் இணைப்புகள் எல்லாம் போய்விடும். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ தனி ஐபி போட்டு வைத்திருக்கும் வீடுகளில் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வைத்தியம்: கரண்டை முழுதாக வடிப்பது

எண் 10, 43, 45 மூன்றுக்கும் வேறு எதையும் தொடும் முன் இதைச் செய்துவிட வேண்டும். கணினியை அணைத்தாலும் லேன் சிப் அணைவதில்லை. பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்புக் கரண்டை விடாமல் தந்துகொண்டிருக்கும். அணைந்த கணினியின் பின்னால் லேன் விளக்கு மினுக்குவது அதனால்தான். மின்சாரம் போய்ப் போய் வந்ததில், அல்லது போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து எழுந்ததில் சிப் குழம்பி நின்றிருந்தால், நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் குழப்பம் தீராது. அதற்குப் போகும் கரண்டே நின்றால்தான் தீரும்.

விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வசதியும் இதில் குறுக்கிடும். அது இயங்கும்போது "ஷட்டவுன்" என்பது முழு அணைப்பு கிடையாது. டிரைவர்களின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு "ஷட்டவுன்" கொடுத்தால் முழுதாக அணையும்.

மேசைக் கணினி: முழுதாக அணைத்து, சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றுங்கள். லேன் கேபிளையும் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். யுபிஎஸ்ஸை மட்டும் அணைத்தால் போதாது, கம்பியே கழன்றிருக்க வேண்டும்.

மடிக்கணினி: சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 முதல் 60 வினாடி பிடித்திருங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். மீடியாடெக்கின் எம்டி7921, எம்டி7922 கார்டுகளும் இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 கார்டுகளும் திடீரென மறைந்து, இந்த ஒரே வேலையில் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. திரும்ப வந்ததும் டிவைஸ் மேனேஜரில் அதன் "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்துக்குப் போய், மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படியும் மாதம் ஒரு முறை மறைந்தால், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸும் வைஃபை டிரைவரும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவர் இல்லை என்றால்

நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வழி பையிலேயே இருக்கிறது: ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் கணினியோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஓட விடுங்கள். இதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் பெரும்பாலான போன்களைக் கணினி தானாக அடாப்டராக ஏற்றுக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக வரும். மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகையாக இருந்தால் அந்தப் பொத்தான் போனில் மங்கலாகவே இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் 11 ஏற்றும்போது நெட்டோடு இணைக்கச் சொல்லும் திரையிலேயே நின்றுவிட்டாலும் இதே வழி பயன்படும். புதிய பதிப்புகளில் அந்தத் திரையிலேயே பென் டிரைவிலிருந்து டிரைவர் ஏற்றும் பொத்தானும் இருக்கிறது.

எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்கச் சிப்பின் அடையாள எண்ணைப் பாருங்கள். கேள்விக்குறி போட்ட வரியை இரட்டைக் கிளிக் செய்து, "டீட்டெயில்ஸ்" பக்கத்தில், கீழிறங்கும் பட்டியலில் "ஹார்டுவேர் ஐடிஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அது பிசிஐ என்று தொடங்கினால், அதில் "வென்" என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு அடுத்த நான்கு இலக்கம் தயாரித்த நிறுவனம். 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 14சி3 மீடியாடெக், 14இ4 பிராட்காம், 168சி குவால்காம் அதெரோஸ். "டெவ்" என்பதற்கான எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கம் எந்தச் சிப் என்பதைச் சொல்லும். வரியின் தொடக்கத்தில் பிசிஐ என்றிருந்தால் போர்டில் உள்ள சிப் அல்லது உள்ளே செருகிய கார்டு, யுஎஸ்பி என்றிருந்தால் யுஎஸ்பி பாதையில் வருவது.

டிரைவரை எடுக்க வேண்டிய இடம், மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளம். மாடல் எண் மடிக்கணினியின் அடியிலும், மேசைக் கணினியில் போர்டின் மேலேயே கொட்டை எழுத்திலும் அச்சிட்டிருக்கும். எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை ஏற்றாதீர்கள். பொருந்தாத டிரைவரைத் திணிப்பதும் விளம்பரம் கொண்டுவருவதும்தான் அவற்றால் வரும் பலன்.

விண்டோஸ் 10 மேலேயே 11 ஏற்றியிருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. சி டிரைவில் "விண்டோஸ் ஓல்டு" என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று வரிசையாக உள்ளே போனால் பழைய டிரைவர்கள் எல்லாம் அப்படியே கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் "அப்டேட் டிரைவர்" கொடுத்து, "பிரவுஸ்" என்ற வழியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களிலும் தேடு என்ற டிக் போட்டிருக்க வேண்டும். விண்டோஸ் இந்த ஃபோல்டரை வழக்கமாக 10 நாள்தான் வைத்திருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக ஏற்றப்போகிறவர்கள் இதே ஃபைல்ரெப்பாசிட்டரி ஃபோல்டரை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

யுஎஸ்பி வைஃபையில் ஒரு விசித்திரம் உண்டு. ரியல்டெக் சிப் உள்ள சில மாடல்கள், செருகியவுடன் தம்மை சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். அந்த சிடிக்குள் அவற்றின் டிரைவரே இருக்கும். அதை ஏற்றிய பிறகும் வைஃபை வராவிட்டால், "திஸ் பிசி"யில் அந்த சிடியின் மேல் வலது கிளிக் செய்து "இஜெக்ட்" கொடுங்கள். அது சிடி வேடத்தைக் கலைத்துவிட்டு அடாப்டராக மாறும்.

அடாப்டர் பெயர் சரியாகத் தெரிந்தும் வைஃபை பொத்தான் மட்டும் இல்லை என்றால், "சர்வீசஸ்" பட்டியலில் "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" ஓடுகிறதா, "ஆட்டோமேட்டிக்" என்றிருக்கிறதா என்று பார்க்கவும். நெட்டில் உலவும் "லைட்" விண்டோஸ்களில் இத்தகைய சேவைகளையும் டிரைவர்களையும் வெட்டி எறிந்திருப்பார்கள். அப்படிப்பட்ட விண்டோஸை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதைவிட, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய அசல் விண்டோஸை ஏற்றுவதுதான் சரி. ஃபார்மட் நியாயமாகும் இடங்களில் இது ஒன்று.

பயாஸில் பார்க்க வேண்டியவை

டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10, மேசைக் கணினி போர்டுகளில் டெலீட் விசை. கணினி கிளம்பும்போதே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். "ஆன்போர்டு லேன்", "இன்டகிரேட்டட் நிக்", "வயர்லெஸ்" போன்ற பெயர்களில் உள்ள வரிகள் "எனேபிள்டு" என்றிருக்க வேண்டும். அலுவலகத்தில் ஓடிய பழைய பெட்டிகளில் பாதுகாப்புக்காக வைஃபையை இங்கேயே பூட்டி வைத்திருப்பார்கள். பயாஸுக்கே பாஸ்வேர்டு போட்டிருந்தால் விற்றவரிடம்தான் திருப்ப வேண்டும். அதனால் வாங்கும்போதே ஒரு முறை பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பல போர்டுகளில் பயாஸின் தகவல் பக்கத்தில் லேன் சிப்பின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அந்தச் சிப்புக்கே உரிய எண்), இரண்டிரண்டாகப் பிரித்த 12 இலக்கமாகத் தெரியும். அது வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. இன்டெல் லேன் உள்ள போர்டுகளில் 88:88:88:88:87:88 என்று வந்தால், பயாஸை எழுதும்போது அந்தச் சிப்புக்கான பகுதி அழிந்துவிட்டது. எழுதியவரிடமே திருப்பித் தந்து சரிசெய்யச் சொல்ல வேண்டும். தேதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கி ஓடினால் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் பயாஸில் எதைச் சேமித்தாலும், பிளக்கைக் கழற்றியதும் மறந்துபோகலாம்.

இடி எப்படி லேன் போர்ட்டைத் தேடி வருகிறது

மின்னல் வீட்டின் மேல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே, வெளியில் ஓடும் நீளமான செம்புக் கம்பிகளில் ஒரு மின்னதிர்ச்சி பிறந்து ஓடும். தோட்டத்துச் சாளைக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே, அல்லது வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவே கேமராவுக்காக இழுத்துவிட்ட லேன் கேபிள் இதற்குத் தோதான பாதை. கம்பத்திலிருந்து மொட்டை மாடி வழியாகச் செம்புக் கேபிளில் நெட் வாங்கும் வீடுகளுக்கும் இதே ஆபத்து. அதிர்ச்சி ரூட்டரில் நுழைந்து, அங்கிருந்து இன்னொரு கேபிளில் கணினிக்குப் போகும்.

லேன் போர்ட்டுக்குள் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ளன. 1500 வோல்ட் வரை தாங்கித் தடுக்கும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். மின்னல் அதைத் தாண்டிவிட்டால் அடுத்து அடி வாங்குவது லேன் சிப். இன்டெல் ஐ219 போன்ற அமைப்புகளில், கம்பியோடு பேசும் பகுதி மட்டும் தனிச் சிப்பாகவும் மீதி வேலை போர்டின் பெரிய சிப்செட்டுக்குள்ளும் இருக்கும். சிறிய சிப் கருகி, மற்ற எல்லாம் நன்றாக இருப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. ஆகவே "லேன் போயிருச்சு" என்பதும் "போர்டு போயிருச்சு" என்பதும் ஒன்றல்ல.

அடையாளங்கள் இவை: கேபிள் செருகினாலும் விளக்கு எரியாது, அல்லது கேபிளே இல்லாமல் விளக்கு எரிந்தபடி நிற்கும். சில நேரம் கிகாபிட் வேகத்தில் ஓடியது 100 மெகாபிட்டுக்கு இறங்கி, சில நாளில் முழுதாக மறையும். சிப் கைபொறுக்காமல் சுட்டால் பயாஸில் அதை "டிசேபிள்" செய்துவிடுங்கள். கெட்ட சிப் சில கணினிகளைக் கிளம்பவிடாமலே இழுத்துப் பிடிக்கும்.

மேகம் கறுத்ததும் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கியவர்கள், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். எர்த் இல்லையென்றால் அந்த அதிர்ச்சிக்கு வடிய இடமில்லை. பண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வைத்தால் அந்தப் பாதையே அடைபடும். வாங்கும் ஃபைபரில் உலோகக் கம்பி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பதால், தூரம் அதிகமுள்ள தோட்டங்களுக்கு ஃபைபர்தான் பொருந்தும்.

தூசும் கழன்ற கார்டும்

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசு கணினிக்குள் மெத்தையாகப் படியும். மழைக்காலத்தில் அது ஈரம் பிடித்தால், செருகிய கார்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிவிடும். பிளக்கைக் கழற்றி, கார்டை உருவி, பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, அழுத்திச் செருக வேண்டும். எஸ்எஸ்டி போட்டுவிட்டு வந்த மடிக்கணினியில் வைஃபை மறைந்தால், கார்டின் திருகு கழன்று அது சற்றுத் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனாக் கம்பிகள் அதில் அமர்ந்திருக்கும். அவை கழன்றால் அடாப்டர் மறையாது, சிக்னல்தான் படுத்துவிடும்.

கடைசிச் சோதனை, பிறகு செலவு

சிப்பா, விண்டோஸா என்ற சந்தேகத்தைத் தீர்க்க விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் "டிரை" முறையில் ஓட்டுங்கள். அங்கே நெட் வந்தால் சிப் நலம். விண்டோஸைத்தான் சரிசெய்ய வேண்டும். அங்கும் வரவில்லை, பயாஸிலும் மேக் முகவரி இல்லை, கரண்டை வடித்தும் பலனில்லை என்றால் லேன் சிப் போய்விட்டது என்று முடிவுகட்டலாம். வைஃபை கார்டுகளில் மட்டும் கவனம்: லினக்ஸில் டிரைவர் இல்லாத மாடல்களும் இருக்கின்றன, எனவே அங்கே வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சிப் போனாலும் போர்டை மாற்றத் தேவையில்லை. மேசைக் கணினிக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு, மடிக்கணினிக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர். சாதாரண கிகாபிட் வகைகள் போர்டின் விலையில் சிறு பங்குதான். குட்டிப் பெட்டிகளுக்குக் கார்டு வாங்கும்போது உயரம் குறைந்த பிராக்கெட் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மூடி மூடாது. யுஎஸ்பி லேன் வாங்குவதானால் 3.0 வகை வேண்டும், 2.0 போர்ட்டின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான்.

எம்.2 வைஃபை கார்டு மாற்றுவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பாதிக் கார்டுகள்; அவற்றின் மீதி வேலை அதற்கென ஆதரவுள்ள இன்டெல் பிளாட்ஃபார்முக்குள் நடக்கிறது. ஏஎம்டி பிராசசர் உள்ள கணினியில் செருகினால் அவை டிவைஸ் மேனேஜரில் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேட்டு வாங்க வேண்டும். பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், பில் போடும் முன் ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள்.

இடியில் போன கணினிக்குப் புது லேன் கார்டு போட்ட பிறகும் விளக்கு எரியவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். அதே அதிர்ச்சி ரூட்டரின் அந்த ஒரு போர்ட்டையும் கொன்றிருக்கலாம். கேபிளை ரூட்டரில் பக்கத்து ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள்.